எடோ நகரத்துக் காலை முகங்கள்

ஆண்டுதோறும் ஜூலை 6, 7, 8 ஆகிய மூன்று நாட்களிலும் டோக்கியோ நகரின் இரியா என்னும் பகுதி பொழுது புலருமுன்பே விழித்துக்கொள்கிறது. சாலையோரம் நெடுக வரிசையாகக் கடைகள். எல்லாக் கடைகளிலும் முக்கியச் சரக்கு ஒன்றுதான்: தொட்டியில் நட்டு, வளையம் கட்டிய குச்சிகளில் சுற்றி ஏற்றிய ஒரு பூங்கொடி. வாங்குவோர் ஐந்து, ஆறு மணிக்கே வந்துவிடுகிறார்கள். தூங்குமூஞ்சிகளுக்கு இந்தச் சந்தை ஏற்றதன்று. வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும்.

கொடியின் ஜப்பானியப் பெயர் 'அசாகாவோ'. 'அசா' என்றால் காலை. 'காவோ' என்றால் முகம். ஆங்கிலத்தில் மார்னிங் குளோரி என்பார்கள். தாவரவியலார் இட்ட பெயர் ஐப்போமியா நில். பெயர் புதிதாகத் தோன்றினாலும் இதன் சுற்றத்தார் நமக்கு நன்கு பழக்கமானவர்களே. சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரை, கடற்கரை மணலில் படரும் அடம்பு, வேலியில் சிவப்பாகச் சிரிக்கும் மயில்மாணிக்கம், வாய்க்கால் ஓரங்களை அடைத்துக்கொண்டிருக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகிய அனைத்தும் ஐப்போமியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றில் எந்தப் பூவைப் பார்த்தாலும் புனல் போன்ற அதே வடிவம்தான்.

ஆனால், சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இதே வட்டாரத்தில் வாழ்ந்த மக்கள், புனல் வடிவத்தை அடியோடு மறக்கச் செய்யும் பூக்களை இந்தக் கொடியிலிருந்து பெற்றார்கள். அவர்கள் பயன்படுத்திய நிலம் வீட்டுக் கொல்லை. சில சமயம் வாசற்படி. அவர்கள் கையாண்ட முறையைப் பிற்காலத்து விஞ்ஞானிகள் வியப்புடன் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம்.

மருந்தாக வந்த கொடி

அசாகாவோ ஜப்பானுக்கு அழகுச் செடியாக வரவில்லை. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் சீனத்திலிருந்து மருந்தாக வந்தது. அதன் கரிய விதை கடுமையான பேதி மருந்து. சீனத்தில் அதற்கு 'மாட்டை இழுத்து வருவது' என்ற பொருளுள்ள பெயர் உண்டு. நோய் தீர்ந்த ஒருவன் நன்றிக் காணிக்கையாக மாட்டை ஓட்டி வந்தான் என்று அப்பெயருக்குக் கதை சொல்வார்கள். அதே பெயரை, வானத்தில் இடையன் என்று கருதப்படும் விண்மீனுக்கும் கீழை நாட்டார் வழங்கினர். அந்த விண்மீனுக்குரிய விழா ஜூலை 7. இரியாச் சந்தை அந்த நாளை நடுவில் வைத்து நடப்பதன் காரணம் இதுதான்.

நீல நிறம், வட்டமான புனல். இதுவே கொடியின் இயற்கைத் தோற்றம். பல நூற்றாண்டுகள் வரை அது பெரிதாக மாறவில்லை. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேநீர்க் கலைஞர் சென் நோ ரிக்யூவைப் பற்றி ஒரு கதை உண்டு. அவருடைய தோட்டத்தில் அசாகாவோ பூத்துக் குலுங்குவதைக் காண ஆட்சியாளர் ஹிதெயோஷி வந்தாராம். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை. சினத்துடன் உள்ளே நுழைந்தவர், இருண்ட அறையில் ஒரே ஒரு பூ வைக்கப்பட்டிருந்ததைக் கண்டாராம். அது சாதாரணப் பூதான். விந்தைப் பூவின் காலம் இன்னும் வரவில்லை.

நெருக்கடியான நகரம்

டோக்கியோவின் பழைய பெயர் எடோ. 1868ஆம் ஆண்டில்தான் பெயர் மாறியது. 18ஆம் நூற்றாண்டில் எடோவின் மக்கள்தொகை ஏறத்தாழ பத்து லட்சம். அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று. நகர நிலத்தின் பெரும்பகுதி சாமுராய் வீரர்களின் மாளிகைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் போயிற்று. கோயில்களுக்கு ஒரு பங்கு. மக்கள்தொகையில் பாதியாக இருந்த கைவினைஞர், வணிகர், கூலியாட்கள் ஆகியோர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். நீளமான ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த வீடுகள். அவற்றில் பரவலாக இருந்த ஓர் அளவு 9 அடிக்கு 12 அடி. அதில் ஒரு குடும்பம். அத்தகைய வீட்டுக்குத் தோட்டம் ஏது? ஒரு தொட்டி, ஒரு குச்சி, படர ஒரு கொடி: அவ்வளவுதான் தோட்டம். விடியற்காலையில் காவடிபோல் தோளில் சுமந்து வரும் பூக்காரரிடம் அதை வாங்கிக்கொள்வார்கள்.

சாமுராய் என்றதும் பட்டாடையும் வாளும் நினைவுக்கு வரும். அந்த வகுப்பிலும் ஏழைகள் ஏராளம். 'ஒகாச்சி' எனப்பட்ட காலாட்காவலர்கள் அப்படிப்பட்டவர்கள். ஆட்சித் தலைவரான ஷோகன் வெளியே செல்லும்போது முன்னால் நடந்து செல்வது அவர்கள் வேலை. ஆண்டுக்கு 70 மூட்டை அரிசி, அத்துடன் ஐந்து பேருக்கான படியளப்பு: இதுவே சம்பளம். அரிசியை விற்றுத்தான் மற்றச் செலவுகளைப் பார்க்க வேண்டும். 250 ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டில் பெரும்பாலும் போரே இல்லாத காலம். பதவி உயர்வுக்கும் வழியில்லை. சம்பளம் அப்படியே நிற்க, சந்தைப் பொருள்களின் விலை மட்டும் ஏறியது. ஆகவே இவர்கள் பக்கத்தொழில் தேடினார்கள். ஒகூபோ பகுதியிலிருந்த துப்பாக்கிப் படையினர் அசேலியா என்ற பூஞ்செடியை வளர்த்து விற்றார்கள். வேறு சிலர் தங்கமீன் வளர்த்தார்கள். ஒகாச்சிமாச்சியில், அதாவது ஒகாச்சிகளின் தெருவில், குடியிருந்தவர்கள் கொல்லைப்புறத்தில் அசாகாவோ பயிரிட்டார்கள்.

1806ஆம் ஆண்டு ஏப்ரலில் எடோவில் பெருந்தீ மூண்டது. தெற்கே ஷிபாவில் பற்றிய நெருப்பு வடக்கே அசாகுசா வரை பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகள் எரிந்து வெற்றிடமாகக் கிடந்த ஷிதாயா, ஒகாச்சிமாச்சிப் பகுதியில் தோட்டக்காரர்கள் அசாகாவோவைப் பயிரிட்டார்கள் என்றும், விந்தைப் பூக்களின் மோகம் அங்கேதான் தொடங்கியது என்றும் சொல்வது வழக்கம். ஒரு மோகத்துக்கு இவ்வளவு துல்லியமான பிறந்தநாள் குறிப்பது எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. எனினும், அடுத்த பத்தாண்டுகளில் நிகழ்ந்ததில் ஐயமில்லை. 1815 முதல் 1818 வரையுள்ள சில ஆண்டுகளுக்குள் எடோவிலும் ஒசாகாவிலும் அசாகாவோவுக்கென்றே பல படநூல்கள் அச்சாகி வெளிவந்தன. பூப்போட்டிகள் நடந்தன. மற்போர் வீரர்களுக்குத் தரவரிசைப் பட்டியல் அச்சிடுவதைப் போலவே பூக்களுக்கும் பட்டியல் அச்சிட்டார்கள்.

அந்த மோகம் சிறிது அடங்கி, 1840களின் இறுதியில் மீண்டும் பற்றிக்கொண்டது. இம்முறை முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் எடோவின் நகர நடுவராகப் பதவி வகித்த நபேஷிமா நவோதாகா. இன்னொருவர் இரியாவைச் சேர்ந்த தோட்டக்காரர் நரிதாயா தொமெஜிரோ. நடுவரும் தோட்டக்காரரும் ஒரே கொடியின் பேரில் பித்துக்கொண்டிருந்தனர். 1853 ஜூலை 8 அன்று அமெரிக்கத் தளபதி பெர்ரியின் நான்கு போர்க்கப்பல்கள் எடோ வளைகுடாவின் வாயிலில் நங்கூரம் பாய்ச்சின. நாடே கலங்கியது. அடுத்த ஆண்டு, 1854இல், எடோவில் வெளிவந்த நூல்களுள் ஒன்று 36 விந்தை அசாகாவோக்களின் வண்ணப் படத்தொகுப்பு. ஓவியர் ஹத்தோரி செஸ்ஸாய். அதே ஆண்டில் தொமெஜிரோவும் எடோ, கியோட்டோ, ஒசாகா ஆகிய மூன்று நகரங்களின் பூக்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார்.

அந்தப் படங்களில் நாம் என்ன காண்கிறோம்? நூல்நூலாகக் கிழிந்து, படைத்தலைவன் கையிலுள்ள குஞ்சம் கட்டிய கோல்போலத் தொங்கும் இதழ்கள். குழாய்களாகச் சுருண்டு நுனி மட்டும் வெளியே மடிந்து நிற்கும் இதழ்கள். இதற்குச் 'சிங்கம்' என்று பெயர். பூவுக்குள் பூவாக அடுக்கடுக்காக எழும் 'பியோனி' வகை. ஊசிபோல் மெலிந்த இலைகள். மஞ்சள் பூத்த இலைகள். வெள்ளை தெளித்த இலைகள். சில படங்களைக் காட்டி இது என்ன செடி என்று கேட்டால் தாவரவியல் மாணவரும் தடுமாறுவார். பூக்களுக்கு இட்ட பெயர்களோ ஒரு வரி நீளம்: இலையின் நிறம், இலையின் புள்ளி, இலையின் வடிவம், பூவின் நிறம், பூவின் வடிவம், அடுக்கு என்று வரிசைப்படி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

விதை தராத பூ

இங்கேதான் ஒரு சிக்கல். மிக அழகிய விந்தைப் பூக்களில் பெரும்பாலானவை விதை தருவதில்லை.

காரணம் எளிது. சாதாரணப் பூவில் வெளியே புல்லி இதழ்கள், அடுத்து அல்லி இதழ்கள், அடுத்து மகரந்தத் தாள்கள், நடுவில் சூலகம் என நான்கு வட்டங்கள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பியோனி வகையில் மகரந்தத் தாள்கள் இருக்க வேண்டிய இடத்தில் மீண்டும் அல்லி இதழ்களே தோன்றுகின்றன. சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு பூ புறப்படுகிறது. மகரந்தமும் இல்லை, சூலும் இல்லை. விதை எங்கிருந்து வரும்?

நம் வீட்டு அடுக்கு நந்தியாவட்டை பெரும்பாலும் விதை வைப்பதில்லை. அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. ஒரு கிளையை வெட்டி நட்டால் போதும். அசாகாவோவுக்கு அந்த வசதி கிடையாது. அது ஒரு பருவச் செடி. மே மாதத்தில் முளைத்து, கோடையில் பூத்து, குளிர் வந்ததும் மடிந்துவிடும். விதை ஒன்றுதான் அது அடுத்த ஆண்டுக்குச் செல்லும் வழி. போட்டியில் முதலிடம் பெற்ற பூ, விதையில்லாமலே மாண்டுபோகிறது. ஆனாலும் அடுத்த ஆண்டு அதே பூ மீண்டும் போட்டிக்கு வருகிறது. எப்படி?

எடோக்காரர்கள் கண்டுபிடித்த விடை இது: விந்தைச் செடியிடம் விதை எதிர்பார்க்காதே, அதே காயின் விதைகளிலிருந்து முளைத்த அதன் உடன்பிறப்புகளிடம் விதை எடு. அந்த உடன்பிறப்புகளில் ஒரு சிறப்பும் தெரியாது. சாதாரண இலை, சாதாரணப் புனல் பூ. ஆனால் அவற்றின் விதையை விதைத்தால், நாற்றுகளிடையே மறுபடியும் விந்தைச் செடி தலைகாட்டும். விந்தைச் செடிக்குத் 'தெமோனோ' என்று பெயர்; வெளிப்பட்டது என்று பொருள். விதைக்காக வைத்துக்கொள்ளும் சாதாரணச் செடிக்கு 'ஓயாகி', அதாவது பெற்றோர்ச் செடி, என்று பெயர். விந்தைத் தோற்றம் இருந்தும் விதை தரும் நல்ல குணமுள்ள வகை 'மசாகி'.

இதன் விளக்கத்தை இன்றைய மாணவர் உடனே சொல்லிவிடுவார். மெண்டலின் பட்டாணியை நினைத்துக்கொண்டால் போதும். அடுக்குப் பூவைத் தரும் ஜீன் ஒடுங்கு தன்மை உடையது. செடியில் அந்த ஜீன் இரட்டையாக இருந்தால்தான் பூ அடுக்காகும். ஒன்று மட்டும் இருந்தால் பூ சாதாரணமாகவே இருக்கும், ஜீன் ஒளிந்துகொண்டிருக்கும். ஒளித்துவைத்திருக்கும் செடி தன் மகரந்தத்தாலேயே கருவுற்றால், சந்ததியில் 4ல் 1 பங்கு அடுக்குப் பூ. 4ல் 2 பங்கு ஒளித்துவைத்திருப்பவை. 4ல் 1 பங்கு ஜீனே இல்லாதவை. பின்னிரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

மெண்டல் தம் ஆராய்ச்சியை 1865ஆம் ஆண்டில் படித்தார், 1866இல் அச்சாயிற்று, 1900ஆம் ஆண்டில்தான் உலகம் அதைக் கவனித்தது. எடோவின் பூக்காரர்கள் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஓயாகியைப் பேணி வந்தார்கள். இதைக் கொண்டு, அவர்கள் மெண்டலின் விதியை முன்னதாகவே அறிந்திருந்தார்கள் என்று சிலர் உற்சாகமாகச் சொல்வதுண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மெண்டல் எண்ணினார், விகிதத்தைக் கண்டார், காரணத்தை ஊகித்தார். இவர்களுக்கு வேண்டியிருந்தது அடுத்த கோடைக்கு ஒரு பூ. ஆனால் அந்தப் பூவுக்காக இவர்கள் செய்ய வேண்டியிருந்த காரியம் சாதாரணமானதன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணமாகத் தோன்றும் மூன்று உடன்பிறப்புகளில் இரண்டுதான் ஜீனை ஒளித்துவைத்திருக்கும். ஒரே ஒரு செடியின் விதையை மட்டும் வைத்துக்கொண்டால், அது வெறுஞ்செடியாக இருந்துவிட 3ல் 1 வாய்ப்பு உண்டு. அப்படியானால் அந்த வம்சம் அன்றோடு சரி. மூன்று செடிகளின் விதையைத் தனித்தனியாக வைத்திருந்தால், மூன்றுமே வெறுஞ்செடிகளாக அமையும் வாய்ப்பு 27ல் 1. ஐந்து செடிகளானால் 243ல் 1. ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் பல சாதாரணச் செடிகளின் விதைகளைக் கலந்துவிடாமல் எடுத்து, அடையாளமிட்டு, குளிர்காலம் முழுவதும் காப்பாற்றி, அடுத்த மே மாதத்தில் தனித்தனியாக முளைக்கப்போட்டு, எது விந்தை நாற்றுகளைத் தருகிறது என்று பார்த்து, மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். ஒரு கோடையில் அசட்டையாக இருந்துவிட்டால் பல தலைமுறை உழைப்பும் போய்விடும்.

விதையிலையில் தெரியும் விதி

இவ்வளவு நாற்றுகளுக்கும் இடம்? ஒகாச்சி வீட்டுக் கொல்லை சிறிது. வரிசை வீட்டு வாசல் அதனினும் சிறிது. பூக்கும் வரை எல்லாக் கொடிகளையும் வளர்த்துப் பார்ப்பது நடவாத காரியம். மேலும், ஒரு பூவில் மூன்று ஒடுங்கு பண்புகள் ஒன்றுசேர வேண்டுமானால் அது கிடைக்கும் வாய்ப்பு 64ல் 1 தான். முப்பது தொட்டி வைத்திருப்பவர் சராசரியாக இரண்டு கோடைக்கு ஒன்றுதான் பெற முடியும்.

இடநெருக்கடியே இதற்கு ஓர் உபாயத்தைக் கற்றுத்தந்தது. விதையை ஓர் அகன்ற தட்டில் நெருக்கமாக முளைக்கப்போடுவார்கள். அசாகாவோவின் விதையிலைகள் இரண்டும் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப்போல விரியும். கூர்ந்து பார்த்தால், சில நாற்றுகளின் விதையிலைகள் சற்றுக் குறுகியோ, சுருங்கியோ, ஓரம் மடிந்தோ இருக்கும். அவையே பின்னர் இதழ் கிழிந்த அல்லது சுருண்ட பூக்களைத் தரும். அவற்றை மட்டும் தொட்டிக்கு மாற்றினால் போதும், விதைக்காகச் சில சாதாரண நாற்றுகள், மற்றவை குப்பைக்கு.

விதையிலையைக் கண்டு பூவைச் சொல்வது சோதிடம்போலத் தோன்றலாம். இதற்கும் தக்க காரணம் உண்டு. பூவிதழ் என்பது அடிப்படையில் உருமாறிய இலையே என்று ஜெர்மானியக் கவிஞரும் இயற்கை ஆராய்ச்சியாளருமான கதே 1790ஆம் ஆண்டில் எழுதினார். இலையின் மேற்புறம் எது, கீழ்ப்புறம் எது, அது எவ்வளவு அகலமாக விரிய வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் ஜீன்களே பூவிதழிலும் வேலை செய்கின்றன. அந்த ஜீன் பழுதானால் விதையிலை, இலை, இதழ் மூன்றுமே சேர்ந்து மாறுகின்றன. அடுக்குப் பூவை மட்டும் விதையிலையில் காண முடியாது. அது பூவின் உறுப்புகளை மட்டும் மாற்றும் ஜீன். அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இவர்களுக்குக் கொடியின் இன்னோர் இயல்பும் உதவிற்று. மொட்டு விரிவதற்குமுன் சில மணி நேரத்தில் மகரந்தத் தாள்கள் விரைவாக நீண்டு, சூல்முடியை உரசிக்கொண்டு மேலேறுகின்றன. பூ கண் விழிக்கும்போதே கருவுற்றிருக்கிறது. ஆதலால் வம்சம் பெரும்பாலும் கலப்பின்றி நிற்கும். ஒளிந்திருந்த பண்புகளும் தலைமுறைக்குத் தலைமுறை வெளிப்படும். அதே சமயம், அடுத்தடுத்த வாசல்களில் நூறு வகைத் தொட்டிகள் நெருங்கியிருக்கும்போது எப்போதாவது ஒரு தேனீ குறுக்கிடாமலா போகும்? அந்தக் கலப்பில்தான் இரண்டு வீட்டுப் பண்புகள் ஒரே செடியில் கூடின. எடோவின் நெருக்கடியை நான் இங்கே ஒரு துணைவனாகவே கருதுகிறேன்.

குதிக்கும் ஜீன்கள்

ஒரு கேள்வி மிச்சம் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகச் சாதுவாக இருந்த கொடி, சில பத்தாண்டுகளுக்குள் இத்தனை விந்தைகளை எப்படிக் காட்டியது?

1910களில் தொடங்கி ஜப்பானிய விஞ்ஞானிகள் அசாகாவோவை மரபியல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். இமாய் யோஷிதாகா, பின்னர் ஹகிவாரா தொகியோ போன்றவர்கள் பல்லாயிரம் செடிகளைக் கலந்து வளர்த்து, எந்த ஜீன் எந்த ஜீனுடன் இணைந்து செல்கிறது என்று வரைபடம் தயாரித்தார்கள். இதற்கு வேண்டிய செடிகளை அவர்கள் காட்டில் தேடவில்லை; பூக்காரர்களின் விதைப் பொட்டலங்களில் அவை ஏற்கெனவே இருந்தன.

விடை 1994ஆம் ஆண்டில் கிடைத்தது. வெள்ளைப் பூவில் நிறத்துளிகள் தெளித்தாற்போன்ற ஒரு வகையை ஈதா ஷிகெருவும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். நிறம் உண்டாக்கும் ஒரு ஜீனின் நடுவில் சுமார் 6,400 எழுத்து நீளமுள்ள அன்னியத் துண்டு ஒன்று செருகியிருப்பதைக் கண்டார்கள். எழுத்து என்பது டி.என்.ஏ. என்ற மரபுப் பொருளின் அலகு. துண்டு செருகியிருக்கும்வரை ஜீன் ஊமை, இதழ் வெள்ளை. இதழ் வளரும்போது ஏதேனும் ஒரு செல்லில் அந்தத் துண்டு துள்ளி வெளியேறினால், ஜீன் மீண்டும் பேசும். அந்தச் செல்லும் அதன் வழித்தோன்றல்களும் நிறம் பெறும். துண்டு முன்னதாகவே வெளியேறினால் அகலமான பட்டை. கடைசி நேரத்தில் வெளியேறினால் சிறு புள்ளி. இத்தகைய குதிக்கும் ஜீன்களை மக்காச்சோளத்தில் 1940களில் கண்டறிந்த பார்பரா மெக்ளின்டாக் 1983ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றதை வாசகர்கள் அறிந்திருக்கலாம்.

ஓரிடத்திலிருந்து குதித்த துண்டு வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்கிறது. அங்கே இருந்த ஜீன் கெடுகிறது. அடுக்குப் பூவைத் தரும் ஜீனிலும் இதே குடும்பத்துத் துண்டு ஒன்று செருகியிருப்பதைக் கியூஷூ பல்கலைக்கழகத்தின் நிதாசாகா எய்ஜி 2003ஆம் ஆண்டில் வெளியிட்டார். எடோவின் கொல்லைகளில் தோன்றிய விந்தைகள் பலவும் இந்தக் குடும்பத்தின் கைவரிசைதான். 2016ஆம் ஆண்டில், ஏறத்தாழ 75 கோடி எழுத்துகள் கொண்ட அசாகாவோவின் முழு மரபுத் தொகுதியும் படிக்கப்பட்டபோது, இத்துண்டுகள் 15 இணைக் குரோமோசோம்களிலும் ஏராளமாக விரவிக்கிடப்பது தெரிந்தது. மாற்றத்தை உண்டாக்கியது துண்டு, சரிதான். ஆனால் மாறிய செடியை வேண்டாத களை என்று பிடுங்கி எறியாமல், அதன் உடன்பிறப்புகளோடு சேர்த்துக் காப்பாற்றியவர்கள் இல்லாவிட்டால் துண்டைத் தேட இடமே இருந்திராது.

நீல நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. மொட்டாக இருக்கும்போது இதழ் செந்நீலமாகவும், விரிந்ததும் நல்ல நீலமாகவும் இருக்கும். நிறப்பொருள் ஒன்றே. பூ விரியும்போது இதழ்ச் செல்லுக்குள் இருக்கும் சாற்றின் புளிப்பு குறைந்து காரத்தன்மை கூடுகிறது, நிறம் நீலமாகிறது. லிட்மஸ் தாளின் கதைதான். இதற்குக் காரணமான ஜீன் கெட்டுப்போன செடியில் பூ செந்நீலமாகவே நின்றுவிடும். இது 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

இழந்ததும் எஞ்சியதும்

1868இல் ஷோகன் ஆட்சி முடிந்தது. ஒகாச்சிகளின் வேலையும் போயிற்று. பூத்தொழில் இரியாவில் தொடர்ந்தது. அங்கே அப்போது வயல்கள் இருந்தன. அசாகாவோ பருவத்தில் விடியற்காலை வண்டிகள் நெருக்கும் அளவுக்குக் கூட்டம் வந்தது. நகரம் வளர வளர வயல்கள் வீடுகளாயின. 1913ஆம் ஆண்டோடு இரியாத் தோட்டங்கள் ஓய்ந்தன. மக்களின் சுவையும் மாறியது; சாண் அகலத்துக்கு விரியும் பெரிய வட்டப் பூக்களுக்கு மதிப்பு ஏறியது. விந்தைப் பூவைப் பேணுவதற்கு வேண்டிய பொறுமை சிலரிடமே எஞ்சியது. பிறகு இரண்டாம் உலகப் போர். உணவுக்கே நிலம் போதாத காலத்தில், பார்வைக்கு ஒரு சிறப்பும் இல்லாத ஓயாகிச் செடியை யார் காப்பாற்றுவார்? பல வம்சங்கள் அழிந்தன. எடோப் படநூல்களில் காணப்படும் அடர்ந்த மஞ்சள் அசாகாவோ இன்று எங்கும் இல்லை. 2014ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் வேறொரு பூஞ்செடியின் ஜீன்களைப் புகுத்தி மஞ்சள் அசாகாவோ ஒன்றை உண்டாக்கினார்கள். அது பழைய மஞ்சள் அன்று. அதன் நிழல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இரியாச் சந்தை 1948ஆம் ஆண்டில் புத்துயிர் பெற்றது. இன்று அங்கே பெரும்பாலும் விற்பவை வட்டப் பூக்களே. விந்தைப் பூக்களைக் காண விரும்புவோர், டோக்கியோவுக்குக் கிழக்கே சகுரா என்ற ஊரிலுள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் தோட்டத்துக்குச் செல்லலாம். அங்கே 1999 முதல் கோடைதோறும் காட்சி நடக்கிறது. வம்சங்களைக் காக்கும் பெரும் பொறுப்பு கியூஷூ பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே பேணப்படுகின்றன. விதை முளைக்கும் திறன் குறையுமுன் மீண்டும் விதைத்து, மீண்டும் பிரித்தெடுக்கும் பழைய வேலை அங்கே இன்றும் நடக்கிறது.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு தொட்டியில் அசாகாவோ வளர்ப்பது இன்றும் வழக்கம். அது நீல வட்டப் பூவாகவோ சிவப்பு வட்டப் பூவாகவோ இருக்கும். அவர்களில் யாரேனும் வளர்ந்தபின் அடுக்குப் பியோனி வகையை வளர்க்க ஆசைப்பட்டால், அவருக்குக் கிடைக்கும் விதை அந்தப் பூவின் விதை அன்று. ஏதோ ஒரு சாதாரணப் புனல் பூவின் விதை. அதைத் தட்டில் முளைக்கப்போட்டு, கோடைவரை காத்திருந்து, 4ல் 1 என்று தேட வேண்டும். மற்ற மூன்றில் எந்த இரண்டு என்பதை அவர் அடுத்த ஆண்டுதான் அறிவார்.